தாழி ஒயினில் கந்தகம் எதற்கு?

செம்மண்:
போர்ச்சுகலின் அலென்டேஜு பகுதியில், விடிகெய்ராவுக்குப் பக்கத்தில் விலா டி ஃபிராடெஸ் என்று ஓர் ஊர். ரோமானியர் காலத்து முறைப்படி இன்றும் மண்தாழியில் ஒயின் செய்கிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும் தாழிகளும் உண்டு. உள்பக்கம் பைன் பிசின் பூசியிருப்பார்கள். நசுக்கிய திராட்சையைத் தோலோடு போட்டால், தோட்டத்திலிருந்தும் கூடத்திலிருந்தும் வரும் ஈஸ்டே அதைப் புளிக்க வைக்கிறது. பொங்கி மேலே வரும் தோலை மரத்துடுப்பால் தினமும் அமுக்கிவிட வேண்டும். விட்டால் உள்ளே வாயு அடைத்துத் தாழியே வெடித்துவிடும். புளித்துப் பொங்குவது அடங்கியதும் சக்கை தானாக அடியில் படியும். கீழே உள்ள துளையைத் திறந்தால் அந்தச் சக்கை வழியாகவே வடிந்து தெளிவாக வரும். கடையில் வாங்கிய ஈஸ்ட் இல்லை, வடிகட்டி இல்லை. இவ்வளவு தூரம் எதையும் சேர்க்காமல் வந்துவிட்டு, பாட்டிலில் அடைக்கும்போது மட்டும், கெடாமல் இருக்க என்று ஏன் கந்தகத்தை, அதாவது சல்பைட்டை, கொட்ட வேண்டும்? சிறு குடும்பத் தோட்டங்கள் சல்பைட்டை அறவே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

ஆய்வுக்கூடம்:
நண்பரே, தாழியைப் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. முடிவுதான் சரியில்லை. தாழி ஒயினுக்கு 2010-லிருந்து தனி விதி இருக்கிறது: நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் வரை ஒயின் தோலோடு தாழியிலேயே இருக்க வேண்டும். அன்று திறந்து, ஊர்க்காரர்கள் தாழியிலிருந்தே பிடித்துக் குடிப்பார்கள். மேலே ஆலிவ் எண்ணெய் ஒரு படலமாக மிதந்து காற்றைத் தடுக்கும். கோடை வருவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த ஒயின் கப்பல் ஏறியதில்லை, கிடங்கில் கிடந்ததில்லை. பாட்டிலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவது புது வேலை. அதற்குப் பழைய மரபைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

இன்னொன்று, அலென்டேஜு வெயில் கடுமையானது. பழத்தில் புளிப்பு குறைந்து, பிஎச் ஏறிவிடும். பாக்டீரியாவுக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. அப்புறம் வருவது எலி வாடை. மோந்து பார்த்தால் தெரியாது. வாயில் எச்சில் பட்டதும்தான் எழும்பும், லேசில் போகாது. ஒரு வருட உழைப்பு அதோடு போயிற்று.

செம்மண்:
வெயில் என்றால் விடியலுக்கு முன்பே பறிக்கலாம், புளிப்பு இருக்கும்போதே பறிக்கலாம். அழுகிய பழத்தைக் கையால் பொறுக்கி எறியலாம். சிறு தோட்டத்துக்கு உள்ள பலமே அதுதானே? இயந்திரம் வைத்து அறுவடை செய்கிறவர்களுக்கு அது முடியாது. அவர்களுக்குக் கந்தகம் தேவைப்படலாம்.

வடகரை:
பணத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நடுப்பகுதியில் உள்ள டாவ் மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில் அங்கே திராட்சை வாங்கும் உரிமையைக் கூட்டுறவு ஆலைகளுக்கே கொடுத்திருந்தார்கள். நல்ல பழம், மட்டமான பழம் எல்லாம் ஒரே தொட்டியில். 1986-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. சிறு விவசாயி தன் பெயரைப் பாட்டிலில் போட முடிவது இந்த ஒரு தலைமுறைக்குள் கிடைத்த வாய்ப்பு. ஒரு வருடச் சரக்கு கெட்டுத் திரும்பி வந்தால், மறுபடி பழத்தைக் கிலோ கணக்கில் ஆலைக்கே விற்க வேண்டியதுதான். கொள்கைக்காக அந்தக் குடும்பத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

செம்மண்:
வடகரை அண்ணே, அதே பணக்கணக்கில்தான் நானும் பேசுகிறேன். பெரிய நிறுவனத்தோடு விலையில் போட்டி போட முடியாத குடும்பத்துக்கு, எதுவும் சேர்க்காத ஒயின் என்பதுதான் லிஸ்பனிலும் வெளிநாட்டிலும் நல்ல விலை வாங்கித் தருகிறது. ஊர்ப்பெயர் போட அனுமதி தரும் மண்டலச் சுவைக்குழு கலங்கல் என்று திருப்பி அனுப்பினாலும், ஊர்ப்பெயர் போடாமல் விற்றுப் பிழைக்கிறார்கள்.

மழைக்காடு:
எல்லோரும் பாட்டிலையே பார்க்கிறீர்கள். வடமேற்கில் வீன்யு வெர்டே பகுதிக்குப் போனால் அட்லாண்டிக் மழை ஓயாது. அடிச்சாம்பல் நோய்க்கு இயற்கை விவசாயியும் மயில்துத்தம் என்கிற தாமிர உப்பைத்தான் அடிக்கிறார். 7 வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் வரை ஐரோப்பிய விதி அனுமதிக்கிறது. அது மண்ணை விட்டுப் போகாது. பாட்டிலில் போடும் சில மில்லிகிராமைவிட எனக்கு அந்த மண்தான் கவலை.

ஆய்வுக்கூடம்:
மழைக்காடு சொல்வது நியாயம், அது தனி இழையாகவே பேச வேண்டிய விஷயம். செம்மண், “கொட்டுவது” என்கிறீர்களே, அளவைப் பாருங்கள். சாதாரண சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி. இயற்கை வேளாண் சான்று பெற்றதற்கு 100. பிரான்சில் 2020-ல் வந்த இயற்கை ஒயின் முத்திரையே 30-க்குள் இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. புளிக்கும்போது ஈஸ்டும் கொஞ்சம் சல்பைட் உண்டாக்கத்தான் செய்கிறது. நான் கேட்பது, அடைக்கும் நேரத்தில் 20 மில்லிகிராம். ஈஸ்டும் தாழியும் தோலும் செய்த எதையும் அது அழித்துவிடாது.

செம்மண்:
அந்த 20 இன்று வரும். மழை பெய்த வருடம் 60 ஆகும். கைக்கெட்டும் தூரத்தில் கந்தகம் இருந்தால் பழம் பொறுக்கும் கண் மங்கிவிடும் என்பது என் பயம். நவம்பரிலிருந்து வசந்தம் வரை பக்கத்து ஊர்களில் விற்க முடிந்த அளவே செய்தால் போதும்.

ஆய்வுக்கூடம்:
அந்த அளவு ஒரு குடும்பத்தைத் தாங்குமா என்று வடகரைதான் சொல்ல வேண்டும். வெளியே அனுப்பியே தீர வேண்டும், கந்தகமும் கூடாது என்றால், 14 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று பாட்டிலின் பின்பக்க லேபிளில் பெரிதாக அச்சடிக்கட்டும். வாங்கிப் போகிறவர் அதைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, கெட்டதும் அந்தக் குடும்பத்தைத் திட்டக் கூடாது.