மறுமொழி: ‘தலைமுறைக் கடத்தல்’ வேண்டாம்; ‘தலைமுறைத் தொடர்வு’ சரிவருமா?

அன்பின் அனைவருக்கும்,

நாங்கள் தயாரிக்கும் பெற்றோர் கையேட்டில், பெரியவர்கள் ஏன் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறார்கள் என்ற அதிகாரம் ஒரு சொல் முடிவாகாததால்தான் இன்னும் முடியாமல் நிற்கிறது. சின்ன வயதில் அடிபட்டு வளர்ந்தவர் தன் பிள்ளையையும் அடிக்கும் போக்கை எப்படிச் சொல்வது?

> ‘தலைமுறைக் கடத்தல்’ போதும். வெப்பக் கடத்தல், மின்கடத்தல் எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவைதானே.

மாஸ்டர், பௌதிகத்தில் சரி. யாழ்ப்பாணத்தில் பிள்ளையும் கடத்தலும் ஒரே வரியில் வந்தால் ஆட்கடத்தல்தான் ஞாபகத்துக்கு வரும். காணாமல் போன மகனின் படத்தோடு வீதியில் இருந்த தாய்மாரும் இந்தக் கையேட்டை வாசிப்பார்கள். இந்தச் சொல்லை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

> ‘பரம்பரை வன்முறை’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் ரீச்சர், ஆனால் பிழையாக விளங்கும். பரம்பரை என்றதும் நீரிழிவு மாதிரி இரத்தத்தில் வருவது என்று எடுத்துக்கொள்வார்கள். சமூகக் கற்றல் கோட்பாடு சொல்வது வேறு. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அப்படியே அடித்ததை உளவியலாளர் பண்டூரா 1961இல் காட்டினார். இங்கேயும் அதே கதைதான். பூவரசந் தடியை முறித்து இலை உருவும் விதம்கூட அப்பாவைப் பார்த்துப் பழகியது. “அடிச்சு வளர்த்தபடியால்தான் நான் ஆளானேன்” என்ற நியாயமும் அந்தத் தடியோடு சேர்ந்தே வருகிறது.

> ‘வன்முறைச் சுழற்சி’ ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது.

உண்மை. 1989இல் வெளிவந்த, கதி விடம் என்ற ஆய்வாளரின் புகழ்பெற்ற கட்டுரைத் தலைப்பும் அதுதான். ஆனால் சுழல்வது தொடங்கிய இடத்துக்கே திரும்பும் என்ற எண்ணத்தை இந்தச் சொல் கொடுத்துவிடுகிறது. பெற்றோர் கூட்டமொன்றில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, கர்ப்பிணிப் பெண்ணொருவர் எழும்பி, “எனக்கும் அடிதான் விழுந்தது. அப்ப நானும் அப்பிடித்தானோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை. கிடைத்த ஆய்வுகளை உளவியலாளர்கள் கௌஃப்மனும் சிக்லரும் 1987இல் திரட்டிப் பார்த்தபோது, அடிபட்டவர்களில் அதைத் தொடர்பவர்கள் சுமார் 30 வீதம் என்றே மதிப்பிட்டார்கள். பெரும்பாலானவர்கள் தொடர்வதில்லை! சொல்லில் இதற்கு இடம் இருக்க வேண்டும்.

அதனால்தான் ‘தலைமுறைத் தொடர்வு’ என்கிறேன். தொடர்வது நிற்கவும் கூடும். கூட்டத்தில் வாயால் சொல்லவும் லேசு. அதிலிருந்தே ‘தொடர்வு முறிப்பு’ என்ற அடுத்த சொல்லையும் ஆக்கிக்கொள்ளலாம்.

சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக அதிகாரம் முழுவதையும் அதன் தலையில் கட்டக் கூடாது. பெற்றோரின் இளமைக்காலம், குடும்பம், அயல், பண்பாடு என்று அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும் என்று உளவியலாளர் பெல்ஸ்கி 1980இலேயே எழுதிவிட்டார். இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், வீட்டில் நடந்த வன்முறையோடு தகப்பனின் குடியும் பிள்ளை கண்ட போரும் சேர்ந்தே நின்றன. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கும் நாளில் பிள்ளைக்கு விழும் அடிக்கு அம்மம்மாவை மட்டும் காரணம் காட்ட முடியுமா? அப்புறம் அயல். சத்தம் கேட்டும், “அது அவையின்ர வீட்டு விசயம்” என்று படலையைச் சாத்துகிறோமே, அதற்கும் ஒரு பந்தி வேண்டும். “அடியாத மாடு படியாது” என்ற பழமொழியைப் பண்பாட்டு அடுக்கில் வைக்கலாம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாலியல் துஷ்பிரயோகத்தை இந்தச் சொல்லின் கீழ் கொண்டுவர வேண்டாம். சமூகவியலாளர் ஃபின்கெல்ஹோர் 1984இல் அதற்கு நான்கு முன்நிபந்தனைகள் சொன்னார்: செய்பவனின் உந்துதல், அவன் மனத்தடை விலகுவது, வெளிக்காவல் இல்லாமல் போவது, பிள்ளையின் எதிர்ப்பை அவன் மீறுவது. “அவனுக்கும் சின்ன வயசில நடந்ததாம்” என்று குற்றவாளிக்கு இரக்கம் தேடும் பேச்சு ஊரில் ஏற்கனவே உண்டு. அதற்கு நாங்களும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது தனி அதிகாரமாக வரட்டும்.

‘தொடர்வு முறிவு’ போதாதா என்று கேட்பீர்கள். முறிவு தானாகவும் நடக்கும். முறிப்பு என்றால் அதை ஒருவர் செய்கிறார். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போவதற்கு முன் எழுதுங்கள்.