நாலு மணிக்கு ரோட்டில் யாரைப் பார்த்தீர்கள்? வடசென்னை ஓட்டக்காரர்கள், சைக்கிள்காரர்கள் அனுபவம்

தண்டையார்பேட்டைக்காரன்:

மெரினாவில் விடிகாலையில் ஓடுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே ஆள் மூன்றரை மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடினால் கதையே வேறு. எனக்கு வயது 43. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. ஓடி முடித்து, குளித்து, பையனை ஸ்கூலில் விட்டுவிட்டு ஆபீஸ் போக வேண்டும் என்றால் அந்த நேரத்துக்குக் கிளம்பியே ஆக வேண்டும். வெயில் இன்னொரு காரணம். ஏப்ரலில் ஆறரைக்கே பனியனைப் பிழியலாம்.

ஓட ஆரம்பித்த புதிதில் ஒரு நாள், திருவொற்றியூருக்கு முன்னால் ரோந்து பைக் ஒன்று குறுக்கே வந்து நின்றது. "எங்க ஓடுற?" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்தவர். மாரத்தான் பிராக்டிஸ் என்றேன். "பாக்கெட்ல இன்னா?" வீட்டுச் சாவி, நாலு பேரீச்சம்பழம், அப்புறம் பேப்பரில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். அவர் பிரித்துப் பார்த்தார். வெள்ளைப் பவுடர். டார்ச் அடித்தார், முகர்ந்தார், விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "இனிக்குதே!" குளுக்கோஸ் சார் என்றேன். சிரிக்கவில்லை, ஆனாலும் என்னைப் பக்கத்து டீக்கடை வரை கூட்டிப் போனார், விசாரிக்க.

அங்கே பெஞ்சில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். லுங்கி, முண்டா பனியன். வலது கையில் ஒரு முட்டி மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது. "வுடு சார், ரோடு ஒர்க் பண்றான்" என்றார். வடசென்னை பாக்ஸிங் பரம்பரைகளைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் ரோட்டில் ஓடுவதை அவர்கள் அந்த வார்த்தையால்தான் சொல்வார்கள். மாரத்தான் என்று நான் பத்துத் தடவை சொல்லியும் நகராத விஷயம், ரோடு ஒர்க் என்றதும் முடிந்துபோனது.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பேசிக்கினே ஓடுவியா?" என்று கேட்டார். இல்லை என்றேன், மூச்சு வாங்கும். "அப்ப நீ ஓடல, தப்பிச்சுப் போற." அவருடைய வாத்தியார் பக்கத்தில் சைக்கிளில் வந்துகொண்டே கதை கேட்பாராம். பதில் சொல்ல முடியாமல் திணறினால் வேகத்தைக் குறைக்கச் சொல்வாராம். இதையே இன்றைக்கு டாக் டெஸ்ட் என்கிறார்கள். வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் பேசக்கூடிய வேகத்தில்தான் இருக்க வேண்டும் என்று எல்லா கோச்சும் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வாட்ச் எனக்கு இதைச் சொல்லவில்லை.

துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் வரிசைதான் என் மைல்கல். டிரைவர்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளுக்கு நடுவே கடல் இரையும். மேற்கிலிருந்து காற்று திரும்பினால் மணலி ஆலைகளின் வாடை வரும். அன்றைக்கு ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிடுவேன், வெட்கமே படுவதில்லை.

என் முதல் ஃபுல் மாரத்தான், 42.195 கிலோமீட்டர், 32-வது கிலோமீட்டரிலேயே முடிந்துபோனது. எல்லோரும் அதைச் சுவர் என்பார்கள், உடம்பில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோவது. எனக்கு நடந்தது வேறு. பயத்தில் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று, தாகம் இருக்கிறதோ இல்லையோ இரண்டு கப் குடித்தேன். இருபத்தைந்துக்கு மேல் குமட்டல், தலைவலி. கல்யாண மோதிரம் விரலில் இறுகிக் கழற்ற வரவில்லை. மெடிக்கல் டென்டில் இருந்த டாக்டர் அந்த விரலைத்தான் முதலில் பார்த்தார். "தண்ணி தராதீங்க" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருந்தது. 2002 போஸ்டன் மாரத்தானில் சோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இது இருந்தது என்று பிறகு படித்தேன். உப்பு சேர்த்தால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உப்பு கொஞ்சம் உதவும், ஆனால் அளவுக்கு மீறிக் குடித்தால் உப்பும் காப்பாற்றாது. தாகத்துக்குக் குடித்தால் போதும். இப்போது நீண்ட ஓட்டத்துக்கு உப்புப் போட்ட மோர்தான் கொண்டு போகிறேன். நான் குடிக்கும் அளவைத் தாகம்தான் முடிவு செய்கிறது.

பெரம்பூர் அக்கா:

அண்ணன் சொன்ன விரல் வீக்கம் எனக்கும் வந்திருக்கிறது, கை தொங்குவதால் என்று நினைத்து விட்டுவிட்டேன். இனி கவனிக்கிறேன்.

நம்ம ஊரில் மேடே கிடையாது, அதனால் நான் முரசொலி மாறன் மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறேன். ஏறும்போது ஓட்டம், இறங்கும்போது நடை, எட்டுத் தடவை. இறங்கும்போது வேகமாக ஓடினால் தொடை முன்சதை இரண்டு நாளைக்குப் பிடித்துக்கொள்ளும், அனுபவித்தவள் சொல்கிறேன். மார்க்கெட்டுக்குப் பூ எடுக்கப் போகும் ஒரு அம்மா ஷேர் ஆட்டோவில் தினமும் கடப்பார். மூன்றாவது வாரம் ஆட்டோவை நிறுத்தி, "புருசனோட சண்டையா கண்ணு?" என்று கேட்டார். இல்லம்மா, சும்மா ஓடுறேன் என்றேன். நம்பவில்லை. இன்றும் கடக்கும்போது "வூட்டுக்குப் போ கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

மாதவரம் சைக்கிள்:

நான் ஓடுவதில்லை, மிதிப்பவன். 200 கிலோமீட்டர் ப்ரெவே, அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணம், பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா வழியாக ஆந்திரா பக்கம் போய்த் திரும்பும் பாதை. தடா தாண்டி ஒரே பின் டயர் மூன்று தடவை பஞ்சர். கொண்டு போன இரண்டு டியூபும் போச்சு.

ரோட்டோரம் லாரி டயர் கடை ஒன்று. கடைக்காரர் மலையாளி. சைக்கிள் வேலை செய்வதில்லை என்று கைகாட்டிவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து எழுந்து வந்தார். முதலில் டியூபைத் தொடவே இல்லை. டயரைக் கழற்றி, ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து உள்பக்கம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பஞ்சு இழை மாட்டியது. குறடால் இழுத்தார், புருவ முடி நீளத்துக்கு ஒரு கம்பி. வெடித்த லாரி டயருக்குள் இருக்கும் எஃகு இழை ரோடு முழுக்கக் கொட்டிக் கிடக்கும், அதுதான். நான் கையால் மூன்று தடவை தடவிப் பார்த்தும் சிக்காதது. ஓட்டையை ஒட்டிக்கொண்டே பரிசு எவ்வளவு என்று கேட்டார். பரிசு இல்லை, முதல், இரண்டாவது என்று இடமும் கிடையாது என்றேன். "அப்போ எதுக்கு டைம் வெச்சிருக்கு?" எனக்குப் பதில் வரவில்லை, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காற்றடித்து முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். பயணம் முடிந்ததும் அட்டையில் கடைசி முத்திரை குத்தும்போது எனக்கு 19 நிமிடம்தான் மிச்சம்.

தண்டையார்பேட்டைக்காரன்:

பஞ்சு வித்தை அருமை, ஆபீஸுக்குப் போகிற சைக்கிளில் இன்றைக்கே ஒரு கொத்து வைத்துவிட்டேன். ஞாயிறு எண்ணூர் வரை போய்த் திரும்புகிறேன், காசிமேட்டில் மூணே முக்காலுக்கு நிற்பேன், பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான். பெரம்பூர் அக்கா வந்தால் மோர் என் பொறுப்பு. குளுக்கோஸ் கொண்டு வருபவர்கள் மட்டும் தயவுசெய்து கடையில் வாங்கிய பாக்கெட்டோடு வாருங்கள், பேப்பரில் மடிக்க வேண்டாம்.