ஒரே டியூட்டி ரோஸ்டருக்கு நாலு பிரதி: கிளினிக் ஃபைல்களை ஒழுங்குபடுத்த உதவி தேவை

ரிசப்ஷன்மேசை:

வணக்கம். ஒரு சிறிய கிளினிக்கில் நிர்வாகம் பார்க்கிறேன். டாக்டர்கள் 3 பேர், நர்ஸ்கள் 5 பேர், லேபில் ஒருவர், ஃபார்மசியில் ஒருவர், ரிசப்ஷனில் என்னோடு இன்னொருவர். மொத்தமே 12 பேர். ஆனாலும் எந்த ஃபைல் சரியான ஃபைல் என்று தெரியாமல் தினமும் திண்டாடுகிறோம்.

இப்போது இருப்பது இதுதான். ரிசப்ஷன் சிஸ்டத்தில் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டர். லேப், ஃபார்மசி, நர்ஸ் அறை சிஸ்டங்கள் லேன் (கிளினிக்குக்குள் சிஸ்டங்களை இணைக்கும் நெட்வொர்க்) வழியாக அதைத் திறக்கின்றன. பெரிய டாக்டர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக அதே ஃபோல்டரை ஒன்டிரைவுக்குள் (மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பு) வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே லாகின்.

ரோஸ்டரைத் திறந்தால், வேறொருவர் திறந்திருப்பதாகச் சொல்லி வாசிக்க மட்டும்தான் விடுகிறது. சில நாள் அப்படி எதுவும் சொல்லாமல் திறந்துவிடும். சாயங்காலம் பார்த்தால் அதே பெயரின் பின்னால் சிஸ்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு இன்னொரு ஃபைல் முளைத்திருக்கும். இப்போது நாலு ரோஸ்டர் இருக்கின்றன. நான் சிஸ்டத்தை அணைத்துவிட்டுப் போனால் இரவு டியூட்டிக்காரர்களுக்கு ஃபோல்டரே கிடைக்காது. அதனால் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள்.

போன வாரம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. எங்களிடம் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் முன்பு 5 மில்லிக்கு 120 மி.கி. இப்போது வருவது 5 மில்லிக்கு 250 மி.கி. எடைக்கு எத்தனை மில்லி என்கிற அட்டவணையைப் புதிதாகப் போட்டு ஃபோல்டரில் வைத்தாயிற்று. நர்ஸ் அறைச் சுவரில் இருந்ததோ யாரோ வாட்ஸ்அப்பிலிருந்து பிரிண்ட் எடுத்த பழையது. 10 கிலோ குழந்தை. கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 3 மில்லி போதும். பழைய தாளைப் பார்த்து 6 மில்லிக்கு மேல் குறித்துவிட்டார்கள், அதாவது இரண்டு மடங்கு. ஃபார்மசியில் இருப்பவர் பாட்டில் லேபிளையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பித்தோம். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏதாவது சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம் என்கிறார் பெரிய டாக்டர். வாங்கினால் இது தீருமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

நெட்வொர்க்தம்பி:

மேடம், வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். லேப் சிஸ்டத்தில் திறக்கும்போது ஃபைலின் பாதை இரண்டு பின்சாய்கோட்டில் ஆரம்பிக்கிறதா? ரோஸ்டர் எக்செலின் பழைய வடிவமான .xls ஆ, புதிய .xlsx ஆ? அதைத் திறக்க பாஸ்வேர்ட் போட்டிருக்கிறீர்களா?

ரிசப்ஷன்மேசை:

ஆமாம், இரண்டு சாய்கோடு வருகிறது. ரோஸ்டர் .xls தான். பல வருடத்துப் பழைய ஃபைல், மாதாமாதம் அதையே திருத்துகிறோம். பாஸ்வேர்ட் உண்டு.

நெட்வொர்க்தம்பி:

அப்படியென்றால் காரணம் தெரிந்துவிட்டது. ஒரே ஃபோல்டருக்கு இரண்டு வாசல் வைத்திருக்கிறீர்கள்.

லேப்காரர் லேன் வழியாக ரோஸ்டரைத் திறந்ததும் எக்செல் அந்த ஃபைலைப் பூட்டிவைக்கும். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்பதற்கான பூட்டு அது. லேனில் இருக்கும் மற்ற சிஸ்டங்கள் அந்தப் பூட்டைப் பார்த்து உங்களைத் தடுக்கின்றன. ஆனால் அந்தப் பூட்டை ஒன்டிரைவ் மேலே ஏற்றாது. ஆகவே டாக்டரின் லேப்டாப்புக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. அவர் திருத்திச் சேமிக்கிறார், இங்கே லேப்காரரும் சேமிக்கிறார். எது சரி என்று ஒன்டிரைவுக்குத் தீர்மானிக்க முடியாதபோது எதையும் அழிக்காமல், ஒரு பிரதிக்கு சிஸ்டத்தின் பெயரைச் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளும். உங்கள் நாலு ரோஸ்டரும் இப்படி வந்தவைதான்.

பல பேர் ஒரே நேரத்தில் ஒரே எக்செல் ஃபைலில் எழுதலாம். ஆனால் அது லேன் ஃபோல்டரில் நடக்காது. ஃபைல் ஒன்டிரைவிலோ ஷேர்பாயிண்டிலோ (நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்டின் பொது மேகச் சேமிப்பு) இருந்து, ஒவ்வொருவரும் அங்கிருந்தே நேராகத் திறக்க வேண்டும். .xls இல் நடக்காது; .xlsx ஆக மாற்றுங்கள். திறப்பதற்கு பாஸ்வேர்ட் போட்டிருந்தால் அதுவும் இதற்குத் தடங்கலாகலாம். யார் பார்க்கலாம் என்பதை ஃபோல்டர் அனுமதியில் வையுங்கள், ஃபைலில் வேண்டாம்.

நான் செய்வதானால் முதலில் லேன் பகிர்வை மூடுவேன். ஒருவரின் சொந்தக் கணக்கில் இல்லாமல் நிறுவனக் கணக்கில் ஷேர்பாயிண்ட் நூலகம் ஒன்று திறந்து, 12 பேருக்கும் தனித்தனி லாகினும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும்) கொடுப்பேன். கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருந்தால் அதன் பகிர்வு இயக்ககத்திலும் இதே வேலை ஆகும். அங்கே ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம். ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் ஃபைல் போகாது. ஒரே லாகினைப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தினால் நேற்று யார் திருத்தினார் என்று பதிப்பு வரலாற்றைப் பார்த்தாலும் தெரியாது, எல்லா வரியிலும் ஒரே பெயர்தான் இருக்கும்.

இதில் ஃபைல் மேகத்தில் இருப்பதால் ரிசப்ஷன் சிஸ்டம் அணைந்திருந்தாலும் இரவு டியூட்டிக்குக் கிடைக்கும்.

வார்டுசிஸ்டர்:

தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த சிரப் விஷயம் அதனால் மட்டும் தீராதும்மா. சுவரில் ஒட்டிய தாளுக்கு ஒன்டிரைவ் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறேன், பழைய தாளின் ஆபத்து எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரை எழுதி வையுங்கள். இரண்டு பேர் வேண்டாம், ஒருவர்தான். மருந்து அளவு அட்டவணை ஃபார்மசிக்காரர் பொறுப்பு என்றால், அவர் திருத்தி, டாக்டர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அது ‘நடப்பு’ ஃபோல்டருக்குப் போக வேண்டும். அங்கே மற்றவர்களுக்கு வாசிக்க மட்டும் அனுமதி. திருத்திக்கொண்டிருப்பது ‘வரைவு’ ஃபோல்டரில் இருக்கட்டும். பழையதை அழிக்க வேண்டாம், தனியாக ஒதுக்கி வையுங்கள். அன்றைக்கு எந்த அட்டவணை நடப்பில் இருந்தது என்று பின்னால் யாராவது கேட்பார்கள்.

அந்த அட்டவணையின் தலைப்பில் சிரப்பின் செறிவைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ‘5 மில்லிக்கு 250 மி.கி. பாட்டிலுக்கு மட்டும்.’ உள்ளே முதலில் மி.கி., அதற்கடுத்த கட்டத்தில் மில்லி. மில்லி மட்டும் எழுதிய அட்டவணையை நான் எந்த வார்டிலும் விட்டுவைப்பதில்லை. பாட்டில் மாறினால் அந்த மில்லி பொய்யாகிவிடும், மி.கி. மாறாது.

எந்தத் தாள் எந்தச் சுவரில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். புதியதை ஒட்டுபவரே பழையதை எடுத்துவர வேண்டும், கையில் பழைய தாள் வந்தால்தான் மாற்றியதாகக் கணக்கு. தாளின் அடியில் பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் இருக்கட்டும்.

ரகசியக்காவல்:

வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் பெயர், ரிப்போர்ட் படம் எல்லாம் போகிறதா? போகிறதென்றால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். செட்டிங்கை மாற்றாத ஃபோனில் வரும் படம் கேலரியில் சேரும், கேலரி அந்த ஊழியரின் சொந்தக் கணக்குக்குக் காப்புப் பிரதியாகப் போகவும் கூடும். அப்படியானால் அவர் வேலையை விட்டுப் போன பிறகும் உங்கள் நோயாளியின் ரிப்போர்ட் அவரிடம் இருக்கும். அவர் மேல் தப்பில்லை, ஃபோன் தானாகச் செய்வது.

பகிர்வு ஃபோல்டரிலும் நோயாளி விவரம் வேண்டாம். அது மருத்துவப் பதிவேட்டில்தான் இருக்க வேண்டும். ஃபோல்டரில் ரோஸ்டர், படிவங்கள், நடைமுறைகள், ஸ்டாக், தடுப்பூசிக் குளிர்பெட்டியின் 2 முதல் 8 டிகிரி வெப்பப் பதிவு, கூட்டக் குறிப்புகள் போதும். சம்பளமும் ஊழியர் கோப்புகளும் தனி நூலகத்தில்.

நெட்வொர்க்தம்பி:

ஒன்று விட்டுவிட்டேன். மேகத்தில் இருப்பதாலேயே அது காப்புப் பிரதி ஆகிவிடாது. ஒருவர் அழித்தால் எல்லாரிடமும் அழியும். ஷேர்பாயிண்ட் குப்பைத்தொட்டியில் 93 நாள் வரை இருக்கும், அதற்குப் பிறகு போய்விடும். வாரம் ஒரு முறை வெளி டிஸ்கில் நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருக்கும் டிஸ்கை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) சேர்த்துப் பூட்டிவிடும்.

பழைய ஸ்கேனருக்காக எஸ்எம்பி 1 ஐ (விண்டோஸில் லேன் வழியாக ஃபைல் பகிரும் பழைய முறை) திறந்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்ஹெச்எஸ் மருத்துவமனைகளுக்குள் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

ரிசப்ஷன்மேசை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சாஃப்ட்வேர் எதுவும் புதிதாக வாங்கவில்லை, கணக்கை மட்டும் நிறுவனக் கணக்காக மாற்றினோம். லேன் பகிர்வை மூடியாயிற்று. நாலு ரோஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக்க ஒரு மதியம் முழுக்கப் போனது. ஒரு நர்ஸுக்கு இரண்டு பிரதியில் வெவ்வேறு நாள் விடுப்பு போட்டிருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் தீர்த்தேன்.

லேப் சிஸ்டத்தில் ஆஃபீஸ் 2010 இருக்கிறது. அங்கே மட்டும் ரோஸ்டரில் ஒருவர் எழுதுவது மற்றவருக்கு உடனே தெரியவில்லை. என்ன செய்வது?

நெட்வொர்க்தம்பி:

அதில் தானாகச் சேமிக்கும் வசதி கிடையாது. ஆஃபீஸ் 2010 க்கு 2020 அக்டோபரோடு ஆதரவும் நின்றுவிட்டது. லேபில் பிரவுசரில் திறந்து அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், ரோஸ்டருக்கு அது போதும். ஸ்கேனர்?

ரிசப்ஷன்மேசை:

பிரவுசரில் சரியாக வருகிறது, நன்றி தம்பி. எஸ்எம்பி 1 திறந்துதான் இருந்தது. அணைத்துவிட்டோம், ஸ்கேன் இப்போது பென்டிரைவில் எடுக்கிறோம்.

சிஸ்டர், நீங்கள் சொன்னபடி நர்ஸ் அறை, ஊசி அறை, ஃபார்மசி மூன்றிலும் புதிய அட்டவணையை ஒட்டினோம். நர்ஸ் அறையில் பழைய தாள் ஒன்றுதான் என்று நினைத்தேன். கழற்றும்போது அதன் அடியில் இன்னொன்று ஒட்டியிருந்தது, அலமாரிக் கதவின் உள்பக்கம் மூன்றாவது. மூன்றும் இப்போது என் மேசையில் இருக்கின்றன.

வார்டுசிஸ்டர்:

டிரெஸ்ஸிங் டிராலியின் கீழ்த்தட்டையும், நர்ஸ்கள் பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டையும் பாருங்கள். நோட்டில் கையால் எழுதி வைத்திருப்பார்கள்.

ரிசப்ஷன்மேசை:

பார்த்தேன் சிஸ்டர். இரண்டு நோட்டில் இருந்தது. அவர்களே அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டார்கள்.