"பாரசைட்டிக் டிரா": தமிழில் எப்படிச் சொல்வது?

எழுதியவர்: தொழிற்கல்வி ஆசிரியர், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம்.

நம் வாகன மின்னியல் கலைச்சொல் பட்டியலில் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே கிடக்கும் சொல் இது. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் காடி (கார்) பேட்டரியிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைக் குறிக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: ஒட்டுண்ணி மின்னோட்டம், மின்கசிவு, களவு மின்னோட்டம்.

நம் பக்கம் பென்ஸ் டபிள்யூ220, டபிள்யூ211, பிஎம்டபிள்யூ இ39, இ60 என்று பழைய பெரிய காடிகள் நிறைய ஓடுகின்றன. நிற்கின்றன என்றே சொல்லலாம். வாரம் முழுக்க மைவி என்ற சின்னக் காடியில்தான் வேலைக்குப் போவார்கள். பென்ஸ் போர்ச்சில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகச் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வரும். "பேட்டரி வீக்" என்று புதுசு போடுவார்கள், அதுவும் இறங்கும். அடுத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றுவார்கள்.

மின்கசிவு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தீ விபத்துச் செய்தியில் படித்துப் பழகிய சொல் அது. மாணவர்கள் அதைக் கேட்டதும் தோலுரிந்த வயர் பாடியில் படுகிறதா என்று தேடப் போகிறார்கள். இங்கே வயர் நன்றாகவே இருக்கும். கரண்டு முறைப்படி ஃபியூஸ் வழியாக ஒரு மாட்யூலுக்கு, அதாவது காடியின் ஒரு பகுதியை இயக்கும் மின்னணுப் பெட்டிக்கு, போகிறது. அந்த மாட்யூல் தூங்கவில்லை, அவ்வளவுதான். களவு என்றால் மீட்டர் திருட்டு ஆகிவிடும். மிச்சம் ஒட்டுண்ணிதான். வேறு யோசனை உண்டா?

எழுதியவர்: போமன் (மெக்கானிக்), ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை, சுங்கை சிப்புட்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம்.

ஒட்டுண்ணியும் சரிப்படாது ஐயா. பூட்டிய காடி கொஞ்சம் கரண்டு எடுக்கத்தான் வேண்டும். அலாரம், கடிகாரம், ரிமோட் ரிசீவர் எல்லாம் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். அதுவே 600 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 14.4 ஆம்பியர்-மணி. 95 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாளில் ஏறக்குறைய பாதி காலி. நியாயமானதற்கு ஒரு சொல், மிஞ்சியதற்கு ஒரு சொல் என இரண்டு வேண்டும். ஒட்டுண்ணி என்று சொன்னால் இரண்டுமே குற்றவாளி ஆகிவிடும்.

அளக்கும் முறையைப் பார்த்தால் சொல்லும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்யுங்கள், ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இ60, டபிள்யூ211-இல் பேட்டரி பின் பூட்டுக்குள் (டிக்கிக்குள்) இருப்பதால், அளக்கும்போது அதன் மூடி திறந்தே இருக்கும். ஸ்குரூ டிரைவரால் அதன் லாச்சைத் தள்ளி 'மூடியாச்சு' என்று காடியை நம்ப வைக்க வேண்டும். கதவு, போனட் லாச்சுக்கும் அதேதான். கீலெஸ் சாவி காடிக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. பிறகு அரை மணி, சில காடிக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அளந்தால் பல ஆம்பியர் காட்டும், அது பழுது இல்லை.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரை நடுவில் போடுவது பழைய வழக்கம். இந்தக் காடிகளுக்கு வேண்டாம். கழற்றி மாட்டினால் மாட்யூல் எல்லாம் புதிதாகக் கண் விழிக்கும். முதல் இழுப்பிலேயே மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் போகலாம். தூங்காமல் மாட்டிக்கொண்டிருந்த மாட்யூல் சரியாகி, பழுதே மறைந்தும் போகலாம். கேபிளைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்தே அளக்கும், மில்லிஆம்பியர் காட்டும் டிசி கிளாம்ப் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போகிறது என்று பார்க்க ஃபியூஸைப் பிடுங்காதீர்கள், அதுவும் மாட்யூலை எழுப்பிவிடும். ஃபியூஸ் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் தெரிந்தால் சுமார் 130 மில்லிஆம்பியர் ஓடுகிறது. எதிலுமே தெரியவில்லை, கிளாம்ப் மட்டும் காட்டுகிறது என்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படலாம். அதற்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டையோடு பழுதானால் தடித்த கேபிள் வழியே திரும்பி இழுக்கும், ஃபியூஸ் பெட்டிக்கு வராது.

வழக்கமான ஆசாமிகள்: இ39-இல் ஏசி ஊதுவிசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபைனல் ஸ்டேஜ் ரெசிஸ்டர். சாவியை எடுத்த பிறகும் ஏசி வாயில் மெல்லிய காற்று வந்தால் அதுதான். டபிள்யூ211-இல் டெயில் லைட் ரப்பர் காய்ந்து மழைத்தண்ணீர் பின் பூட்டுக்குள் இறங்கி, அங்கிருக்கும் சேம் (SAM) என்ற மாட்யூல் பெட்டி நனையும். டபிள்யூ220-இல், காடியைக் காற்றுப்பைகளில் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன். காற்றுப்பை கசிய, கம்ப்ரஸர் ஓயாமல் ஓட, அதற்குச் சுவிட்சாக இருக்கும் ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும்; சாவி இல்லாமலே கம்ப்ரஸர் ஓடும். பேட்டரியும் போகும், கம்ப்ரஸரும் போகும். பையைச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்து அதைச் சரிசெய்யாமல் ரிலேயை மட்டும் மாற்றினால் திரும்ப வரும். பாதிக் காடிகளில், கடையில் மாட்டிய டேஷ்கேம்தான் காரணம். அதை முதலில் கழற்றிவிட்டு அளங்கள்.

நாங்கள் பேசுவது "கரண்டு இழுக்குது". அதிலிருந்தே சொல் எடுக்கலாமே?

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், கிள்ளான்

அண்ணன் சொன்னதில் 'தூங்கவில்லை' என்பதுதான் உயிர். நியாயமானது 'உறங்கு மின்னோட்டம்', மிஞ்சியது 'உறங்கா மின்னோட்டம்'. இலக்கணமும் சரி, காதுக்கும் நன்றாக இருக்கிறது.

எழுதியவர்: போமன்

தங்கச்சி, சொல் அழகுதான். ஆனால் கிரீஸ் கையோடு எழுதும் ஜாப் கார்டில் 'ங்கு'வும் 'ங்கா'வும் ஒன்றுதான். நல்ல காடியைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். தவிர, ஆல்டர்னேட்டர் டையோடுக்குத் தூக்கம் ஏது?

எழுதியவர்: தொழிற்கல்வி ஆசிரியர்

டையோடு பற்றிப் போமன் சொன்னது நியாயம். இழுப்பு என்றால் மூச்சிரைப்பும் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருந்தார். பட்டறையில் அந்தக் குழப்பம் வராது. பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

ஓய்விழுப்பு: பூட்டி நிறுத்திய வாகனம், மாட்யூல்கள் உறங்கிய பின் பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம். பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள்.

மிகையிழுப்பு: அந்த அளவை மீறியது. ஜாப் கார்டில் மில்லிஆம்பியர் எண்ணையும் எவ்வளவு நேரம் காத்திருந்து அளந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்த சொல்: பென்ஸ் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் 13 முனை (பின்) கனெக்டரில் ரப்பர் வளையம் தேய்ந்து, கியர் எண்ணெய் வயருக்குள்ளேயே ஊர்ந்து கியர் கம்ப்யூட்டர் வரை ஏறுகிறதே, அதற்கு 'வயரேற்றம்' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு 'எண்ணெய் ஊர்வு' மேல். போமன் என்ன சொல்கிறார்?