கழுகுமலைக்கு பொக்கே அனுப்ப வழி உண்டா? மே மாதக் கடைசி, மதிய விழா

கரிசல்காட்டுக்காரி

அம்மா கழுகுமலைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். இந்த மே மாதத்தோடு பணி ஓய்வு. கடைசி வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கேயே சின்னதாக விழா வைக்கிறார்கள். நான் புனேயில் இருக்கிறேன். விடுப்பு ஜூன் முதல் வாரம்தான் கிடைத்தது. விழா நேரத்தில் என் பெயரில் ஒரு நல்ல பொக்கே அம்மா கைக்குப் போய்ச் சேர வேண்டும். மாலையும் சால்வையும் எப்படியும் வந்து குவியும். அம்மாவுக்கு நீளக் காம்போடு இருக்கிற ரோஜா என்றால் ஆசை. எங்கள் தெரு உப்புத் தண்ணீரில் எத்தனை செடி வைத்தும் ஒன்றுகூட நிலைக்கவில்லை.

இணையத்தில் பெரிய பூ தளங்களைத் தேடிப் பார்த்தேன். பின்கோடு போட்டதுமே பலவற்றில் ‘இங்கே சேவை இல்லை’ என்று வருகிறது. ஒன்று மட்டும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் அடியில் சின்ன எழுத்தில் ‘கூரியரில் வரும், ஒரு நாள் முன்பின் ஆகலாம்’ என்று போட்டிருக்கிறார்கள். விழா முடிந்து மறுநாள் வந்தால் யாருக்கு வேண்டும்? போன வருடம் இப்படி ஒரு தளம் மூலம் தோழிக்கு அனுப்பினேன். படத்தில் இருந்தது லில்லி. போய்ச் சேர்ந்தது தலை தொங்கின ஜெர்பரா, அதுவும் இரவு ஒன்பது மணிக்கு.

கோவில்பட்டியிலோ சங்கரன்கோவிலிலோ நேரடியாகக் கட்டி அனுப்புகிறவர்கள் உண்டா? எப்படிப் பேச வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

சாத்தூர்சேவு

சொந்தக்காரப் பையன் யாரையாவது கோவில்பட்டிக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்லுங்கள், வேலை முடிந்தது.

தளங்களுக்கு ஊர் ஊராகக் கடை கிடையாது. ஆர்டரை வாங்கி அருகில் இருக்கிற பூக்கடைக்குத் தள்ளிவிடுவார்கள். இது இணையம் வந்த பிறகு வந்த ஏற்பாடும் இல்லை. அமெரிக்காவில் 1910இலேயே பூக்கடைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து, தந்தி அடித்து ஆர்டரை ஊர்விட்டு ஊர் மாற்றிவிட ஆரம்பித்துவிட்டார்கள். தள்ளிவிட அந்தப் பக்கம் ஒரு கடை இருக்க வேண்டும், அவ்வளவுதான். கழுகுமலையில் பொக்கே கடைக்கு எங்கே போவது?

மேடைப்பூக்காரன்

தங்கச்சி, நான் கோவில்பட்டியில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன். கடையில் பொக்கேயும் கட்டுகிறோம். சேவு சொல்வது சரி, அந்தத் தள்ளிவிடுகிற ஆர்டர் எனக்கும் வரும். நீங்கள் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, மீதியோடு ஒரு படத்தை அனுப்புவார்கள். படத்தில் லில்லி இருக்கும். கோவில்பட்டியில் லில்லி கேட்டு எத்தனை பேர் வரப்போகிறார்கள், நான் எதற்கு வாங்கி வைக்க? கேட்டால் ‘இருக்கிற பூவை வைத்துக் கட்டுங்கள்’ என்பார்கள். கழுகுமலைக்குப் போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பெட்ரோல் போட்டு ஆள் அனுப்பினால் எனக்குக் கட்டுபடியாகாது. அதனால் நான் எடுப்பதில்லை, உங்களுக்குச் ‘சேவை இல்லை’ என்று வருகிறது.

எங்கள் பக்கம் பூவுக்குப் பஞ்சமே இல்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் காலையில் போய் நின்றால் மல்லி, பிச்சி, சம்பங்கி, கேந்தி என்று மூட்டை மூட்டையாக இறங்கும். ஆனால் அத்தனையும் உதிரிப்பூ. கிலோ கணக்கில் நிறுத்து வாங்கி, சரமாகவோ மாலையாகவோ கட்ட வேண்டியது. பொக்கேக்கு நீளக் காம்பு வேண்டும். அந்த ரோஜாவும் ஜெர்பராவும் ஓசூர், தளி, பெங்களூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் இருந்து வர வேண்டும். கார்னேஷன் நீலகிரி, கொடைக்கானல் மாதிரிக் குளிர்ந்த இடத்துப் பூ. ரோஜா இருபது சேர்ந்தது ஒரு கட்டு, ஜெர்பரா பத்து. ஓசூரில் சாயங்காலம் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் சேலம், மதுரை வழியாக விடிகிற நேரத்துக்குக் கோவில்பட்டி பைபாஸில் இறங்கிவிடும். எல்லாம் அதே தேசிய நெடுஞ்சாலை 44தான், பெட்டி எங்கேயும் வண்டி மாற வேண்டாம்.

இதில் முக்கியமான விஷயம், நான் தினமும் பூ இறக்குவதில்லை. என்னை மாதிரி சின்ன ஊர் ஆட்கள் யாருமே இறக்குவதில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில்தான் பெட்டி வரும். அன்றைக்கு வாங்கினால் முதல் தரம். முகூர்த்தம் முடிந்து இரண்டு நாள் கழித்து வந்து கேட்டால் எந்தக் கடையிலும் மிச்சம்தான். சில இடங்களில் மேடையில் இருந்து பிடுங்கின பூவே மறுபடி பொக்கேயாக எழுந்து நிற்கும். தொழிலில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். ஆகவே பொக்கேயின் டிசைனைப் பார்க்கும் முன் காலண்டரைப் பாருங்கள். வைகாசி முகூர்த்த மாதம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் வியாழன் காலை பெட்டி வந்துவிடும், பூ கிடைக்கும், விலை கூடுதலாக இருக்கும். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்றால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, உங்களுக்கென்று தனியாக ஒரு கட்டு வரவழைக்க வேண்டும். ‘இருக்கா?’ என்று கேட்காதீர்கள், ‘எப்போ வந்த பூ?’ என்று கேளுங்கள்.

கட்டுவதற்கு முன் வீடியோ காலில் பூவைக் காட்டச் சொல்லுங்கள். ரோஜா மொட்டின் அடிப்பாகத்தை, காம்பு சேருகிற இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் லேசாக அமுக்கச் சொல்லுங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. மெத்தென்று அமுங்கினால் வேண்டாம். வாடின வெளி இதழ்களை உரித்துவிட்டுப் புதுப்பூவாகக் காட்டுவது பழைய வித்தை, மொட்டு ஒல்லியாக இருப்பதிலேயே தெரிந்துவிடும். ஜெர்பராவுக்கு நடுவட்டத்தைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒன்றிரண்டு வரிசை மட்டும் மகரந்தம் தெரிந்தால் சரி, மையம் வரை மஞ்சளாகப் பொங்கியிருந்தால் வயதான பூ.

அப்புறம் வெயில். அக்னி நட்சத்திரம் 28ஆம் தேதி முடியும் என்பார்கள், கரிசல் வெயில் காலண்டர் பார்த்து அடிப்பதில்லை. கண்ணாடித் தாள் சுற்றின கைப்பொக்கே சொல்லவே சொல்லாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு பைக்கில் போனால் உள்ளேயே இட்லி மாதிரி வெந்துவிடும். கூடை சொல்லுங்கள். அடியில் பச்சை ஸ்பாஞ்சை நனைத்து வைத்து அதில்தான் காம்பைக் குத்துவோம், சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் அதிலேயே இருக்கும். அந்த ஸ்பாஞ்சைத் தண்ணீரில் போட்டால் தானாகக் குடித்து மூழ்க வேண்டும். அவசரத்துக்குக் கையால் அமுக்கினால் மேலே ஈரமாகவும் நடுவில் காய்ந்தும் நிற்கும், அதில் குத்தின பூ ஒரு மணி நேரத்தில் சாய்ந்துவிடும். உங்கள் தோழிக்குப் போன ஜெர்பராவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது, ஆனால் வெயிலில் முதலில் கழுத்து தொங்குவது ஜெர்பராதான். அதைத் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் கம்பி சுற்றி நிமிர்த்துவோம், அது போட்டோ வரைக்கும்தான்.

நான் செய்வதாக இருந்தால் ஒரு கட்டு தாஜ்மஹால், அது சிவப்பு ரோஜா ரகம். இடையிடையே காம்போடு வெட்டின இரட்டை அடுக்குச் சம்பங்கி, சுற்றிலும் ஆஸ்பராகஸ் இலை. சம்பங்கி வெயில் பழகின பூ, வாசமும் அதுதான் கொடுக்கும். ஓசூர் ரோஜாவில் வாசத்தை எதிர்பார்க்காதீர்கள், அது பார்க்கிறதற்கு. சும்மா நாளில் இந்தக் கூடை 900 ரூபாய், வண்டிக்கு 250. முகூர்த்த வாரம் என்றால் கூடை 1,200 வரை ஏறும். பிப்ரவரி 14ஆம் தேதி கேட்டிருந்தால் விலையே சொல்லியிருக்க மாட்டேன்.

ஓசூர்த்தோட்டம்

நான் பசுமைக்குடிலில் வேலை பார்க்கிறேன். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரோஜாவை வெட்டினதும் தண்ணீரில் நிறுத்தி, 2 முதல் 4 டிகிரி குளிர் அறையில் வைப்போம். பெட்டியில் ஏறிய பிறகு இரவு முழுக்க அதற்குத் தண்ணீர் கிடையாது. அதனால் கோவில்பட்டியில் இறக்கினதும் காம்பு நுனியைச் சாய்வாக வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, இரண்டு மூன்று மணி நேரமாவது சுத்தமான தண்ணீரில் நிறுத்திய பிறகே கூடையில் குத்த வேண்டும். இதைச் செய்யாமல் நேராகக் குத்தினால் எத்தனை நல்ல பூவானாலும் மதியத்துக்குள் தலை சாயும்.

விழா முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போனால் மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மே மாதம் என்பதால் சொல்கிறேன். பழம் பழுக்கும்போது எத்திலீன் வாயு வரும், பூ சீக்கிரம் வாடிவிடும். கார்னேஷன் வைத்திருந்தால் அதற்கு இது ஆகவே ஆகாது.

ஓய்வுபெற்றசிஸ்டர்

நானும் இதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள்தான். மகளே, பொக்கே அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மா அதை ஒரு நிமிடம் பிடித்திருப்பாள், போட்டோ எடுத்ததும் மேசை மூலைக்குப் போய்விடும். வீடு வரைக்கும் கூட வருவது தலையில் வைக்கிற பூதான். மார்கழி, தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிற மல்லி, கோடையில் வரத்து அதிகம் என்பதால் மலிவாகக் கிடைக்கும். அம்மாவுக்கும் கூட வேலை பார்க்கிற பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு முழம் சேர்த்து அனுப்பு. மதியம் போய்ச் சேர வேண்டியதால் மொட்டாக இருக்கும்போதே நெருக்கமாகக் கட்டச் சொல். வாழையிலையில் சுற்றி ஈரத்துணிக்குள் வைத்தால் போதும். சாயங்காலம் அவர்கள் பஸ் ஏறுகிற நேரத்துக்குத்தான் விரிய ஆரம்பிக்கும்.

இன்னொன்று. கணவரை இழந்தவர்கள் அங்கே வேலையில் இருந்தால் அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. எல்லோருக்கும் சேர்த்தே நீட்டச் சொல். வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம்.

கரிசல்காட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டரம்மா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் பட்டியலில் பதினான்கு முழம் மல்லி ஏறிவிட்டது.

அண்ணாச்சி, காலண்டர் பார்த்தேன், வியாழக்கிழமை முகூர்த்தம் போட்டிருக்கிறது. அப்படியானால் வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைப்பது மிச்சப் பூவா? மல்லியும் அதே வண்டியில் வந்துவிடுமா? கூடையோடு ஒரு வாழ்த்து அட்டை வேண்டும், தமிழில், அச்சடித்த ஆங்கில வாசகம் வேண்டாம். கோவில்பட்டியில் இருந்து சங்கரன்கோவில் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் வண்டிச் செலவு மிச்சம் என்று என் தம்பி சொல்கிறான், அது சரிப்படுமா?

மேடைப்பூக்காரன்

வியாழன் முகூர்த்தம் என்றால் எனக்குப் பெட்டி புதன் காலையே வந்துவிடும். அதில் உங்களுக்கு எடுக்க மாட்டேன். வியாழன் சாயங்காலம் ஒரு கட்டு ரோஜாவை மட்டும் தனியாக ஏற்றச் சொல்கிறேன், வெள்ளி விடிய வந்துவிடும். ஒற்றைக் கட்டுக்கும் பஸ் கூலி அதேதான், அதற்கு 100 ரூபாய் கூடும். ஓசூர்த் தம்பி சொன்ன மாதிரி பத்து மணி வரை தண்ணீரில் நிறுத்தித்தான் குத்துவோம்.

மல்லி எங்கள் தெருவிலேயே கட்டித் தருகிற அக்கா இருக்கிறார். விலையை அவரிடமே நேராகப் பேசிக்கொள்ளுங்கள், நடுவில் எனக்கு ஒன்றும் வேண்டாம். பூ கூடையோடு சேர்ந்து வந்துவிடும்.

கண்டக்டரிடம் மாலைப் பொட்டலம் கொடுத்துவிடலாம், நானே கொடுத்திருக்கிறேன். கூடை வேண்டாம். முன் சீட்டுப் பக்கம் வைத்தாலும் ஏறுகிற இறங்குகிற கூட்டத்தில் ஒரு பக்கம் நசுங்கிவிடும். தம்பியிடம் 250 ரூபாயில் சொத்து சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அட்டையை நானே ஸ்கெட்ச் பேனாவில் எழுதுவேன். மேடையில் ‘நல்வரவு’ எழுதுகிற கைதான், எழுத்து நன்றாக இருக்கும். நான்கு வரிக்கு மேல் அனுப்பாதீர்கள். பாதிப் பணம் முன்னால் ஜிபேயில், மீதி வீடியோவில் பூவைப் பார்த்த பிறகு.

அம்மாவின் நம்பரைக் கொடுக்க வேண்டாம். விழா நேரத்தில் எடுக்க மாட்டார், எடுத்தாலும் விஷயம் முன்னாலேயே தெரிந்துவிடும். அங்கே இருக்கிற மருந்தாளுநரோ வேறு யாரோ, போன் அடித்தால் எடுக்கிற ஒருவர் நம்பர் போதும். பையன் இங்கிருந்து இரண்டு மணிக்குக் கிளம்புவான். மூன்று மணி விழா எப்படியும் டாக்டர்கள் வந்து சேர்ந்து மூன்றரைக்குத்தான் ஆரம்பிக்கும், ஆனால் அதை நம்பித் தாமதமாக அனுப்ப மாட்டேன். உறுதியா இல்லையா என்று செவ்வாய் இரவுக்குள் தனிச்செய்தியில் சொல்லிவிடுங்கள். முகூர்த்த வாரம், புதன்கிழமை போன் செய்தால் ஓசூரில் எடுக்கவே மாட்டார்கள்.