புதுப்பிப்பு: பாஸ் வராத ஸ்டீரியோ சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டிருந்தது இது: கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலோர வீட்டில் பழைய ஸ்டீரியோ. பாஸ் (தாழ்ந்த ஒலி) அறவே இல்லை, பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் கலைந்து கேட்கிறது, இடப்பக்கம் விட்டுவிட்டுக் கரகரப்பு.

கரகரப்புக்குக் காரணம் உப்புக்காற்றுதான். வயர் முனையில் செம்பு பச்சை பூத்திருந்தது. ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) அணைத்து, பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி, புதிதாகத் தோல் சீவி, டெர்மினலை (வயர் மாட்டும் இடத்தை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து இறுக்கியதும் நின்றது.

பாஸைக் கொண்டுவந்தது 1.5 வோல்ட் பேட்டரி சோதனை. அதைச் சொன்னவருக்குத் தனி நன்றி. ஸ்பீக்கர் வயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி மட்டும் தொட வேண்டும். வலது வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) முன்னே வந்தது, இடது உள்ளே போனது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

எதிர்பாராதது: வெளி வயர் இரண்டு பக்கமும் சரியாகவே இருந்தது. முன்பு வூஃபரை மாற்றியபோது பெட்டிக்குள் முனை மாற்றி சால்டரிங் செய்திருக்கிறார்கள். இப்படியிருந்தால் வெளியே சிவப்பு, கறுப்பை மாற்றிப் போடாதீர்கள், ட்வீட்டரின் (உயர்ந்த ஒலி தரும் சிறிய ஸ்பீக்கரின்) இணைப்பு தலைகீழாகிவிடும். பெட்டியைத் திறந்து வூஃபர் முனைகளை மட்டும் மாற்றுங்கள்.

பாஸ் வந்ததும் மூலையிலிருந்த ஸ்பீக்கர் கும்மென்று முழங்கியது. சுவரிலிருந்து 2 அடி தள்ளி வைத்ததில் அடங்கியது. தடித்த வயர் தேவைப்படவில்லை. 3 மீட்டர் தூரத்துக்கு இருக்கிற 1.5 சதுர மி.மீ. தாராளம்.