பீரோவில் ஆறு வெள்ளைச் சட்டை: தேர்ந்தெடுப்பதைக் குறைத்தால் கவனம் கூடுமா?

கணக்குப்பிள்ளை:
ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். அதற்கு முந்தைய வாரம் மூச்சு விட நேரம் இருக்காது. போன வருடம் வரை எந்தச் சட்டை, என்ன டிபன், போனில் எதை முதலில் பார்ப்பது என்று காலையிலேயே அலைந்து களைத்துத்தான் ஆபீஸ் போவேன். பொங்கலுக்கு அப்புறம் மாற்றினேன். ஒரே மாதிரி ஆறு வெள்ளைச் சட்டை. திங்களும் வியாழனும் இட்லி, மற்ற நாட்களுக்கு இன்னது என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியாயிற்று. போனின் முதல் பக்கத்தில் நாலே ஆப். இப்போது ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்கு டீ வரும்போதுதான் நிமிர்கிறேன். ஒபாமாவே சாம்பல் அல்லது நீல சூட் மட்டும்தான் போடுவதாக 2012இல் ஒரு பேட்டியில் சொன்னார். உங்கள் அனுபவம் என்ன?

சந்தேகச்சாமி:
அடுத்து ஜாம் கதை வரும் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்லாததால் நானே சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஜாம் ருசி பார்க்க மேசை போட்டார்கள். 24 வகை வைத்தபோது மேசைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 பேர். 2000இல் வெளியான இந்த ஆய்வை வைத்துத்தான் பாதி சுயமுன்னேற்றப் பேச்சு ஓடுகிறது. 2010இல் இதே மாதிரி 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். மன உறுதி பேட்டரி மாதிரி தீர்ந்துபோகும் என்கிற கொள்கையை 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தன. அதிலும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

இன்னொன்று. வேலையில் தன்னை மறந்து மூழ்கும் நிலையை ஆராய்ந்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. அவர் பார்த்தவர்களில் செஸ் ஆட்டக்காரர்களும் உண்டு. செஸ்ஸில் முதல் நகர்த்தலுக்கே 20 வழி. தேர்வுதான் எதிரி என்றால் அவர்கள் எப்படி மூழ்கினார்கள்?

கணக்குப்பிள்ளை:
சாமி, அந்த இருபதும் பலகைக்குள் இருக்கிற தேர்வு. அதுதான் ஆட்டமே. ஆடும்போது ஒருவர் வந்து காபியா டீயா, எந்தக் கப்பில் என்று கேட்டுக்கொண்டே இருந்தால்? நான் குறைத்தது அந்தக் கேள்விகளை. லெட்ஜரில் எந்த என்ட்ரி எங்கே போகும் என்பதை இன்னும் நான்தான் யோசிக்கிறேன். ஆய்வு எப்படியோ, எனக்குப் பலன் தெரிகிறது.

மொட்டைமாடி:
கணக்கு சார், ஒரு சின்ன சந்தேகம். திங்கள் இட்லி என்றால் ஞாயிறு மதியமே அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும், சாயங்காலம் அரைக்க வேண்டும். மழை நாளில் மாவு பொங்கவில்லை என்றால் தோசையா உப்புமாவா என்று காலை ஆறு மணிக்கு யாரோ முடிவெடுக்க வேண்டும். தேங்காய் விலை ஏறினால் சட்னி எது? அந்த யாரோ யார்? ஒபாமாவுக்கு வெள்ளை மாளிகையில் சமையல்காரர்கள் இருந்தார்கள். உங்கள் ஃபிரிட்ஜ் தாளை எழுதியது நீங்கள், அதை நடத்துவது வேறு ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருந்தது, அதனால்தான் கேட்கிறேன்.

சந்தேகச்சாமி:
மேடம், 23 ஆய்வுக்கூடத்தை விட இது பலமாக இருக்கிறது.

கரையும் முந்தியும்:
நான் முப்பது வருடமாகப் பட்டு கவுண்டரில் நிற்கிறவன். முகூர்த்தப் புடவை எடுக்க எட்டுப் பேர் வருவார்கள். மெத்தையில் நாற்பது புடவை பிரிந்து கிடக்கும். அத்தைக்கு ஒன்று பிடிக்கும், கல்யாணப் பெண்ணுக்கு அதன் கரை பிடிக்காது. கடைசியில் "ஒரு சுற்று போய்விட்டு வருகிறோம்" என்பார்கள். போனால் போனதுதான். இதற்கு எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வழி காட்டினார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவர்கள் கை இரண்டாவது தடவை தொடாத புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பின்னால் வைத்துவிட வேண்டும். மூன்று மிஞ்சும். பெண்ணைக் கண்ணாடி முன் நிறுத்தித் தோளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பில் ஆகிவிடும்.

ஆனால் முதலிலேயே மூன்று மட்டும் காட்டினால் "கடையில் சரக்கே இல்லை" என்று எழுந்துவிடுவார்கள். அதே சமயம், "அரக்கு, ரெட்டைப்பேட்டுக் கரை, முப்பதாயிரத்துக்குள்" என்று தெளிவாகக் கேட்டு வருபவருக்கு நூறு காட்டினாலும் பத்து நிமிடத்தில் வேலை முடியும். எண்ணிக்கையில் என்ன இருக்கிறது?

சந்தேகச்சாமி:
அண்ணே, 2015இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வும் ஏறக்குறைய உங்கள் கவுண்டரில்தான் வந்து நிற்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர், ஒன்றோடொன்று ஒப்பிடக் கஷ்டமான சரக்கு, அவசரம். இப்படிப்பட்ட இடங்களில்தான் நிறையத் தேர்வு ஆளைத் திணறடிக்கிறதாம். ஆகவே கணக்கு சாருக்குச் சட்டை ரசனை இல்லை என்பது மட்டும் நிரூபணம். ஆறு வெள்ளைச் சட்டையை நான் இன்னும் ஏற்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஏற்க வேண்டாம். மேடம் கேட்டதுதான் ராத்திரி தூங்க விடவில்லை. வீட்டில் கேட்டேன். "தாளில் எழுதுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தது. அதனால் ஞாயிறு மாவு இனி என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். நாலுக்கு ஒன்று என்று அரிசி, உளுந்து அளந்தாயிற்று. வெந்தயம் எவ்வளவு போட வேண்டும்?

மொட்டைமாடி:
ஒரு ஸ்பூன். பாருங்கள், அதையும் என்னையே முடிவெடுக்க வைத்துவிட்டீர்கள்.